என் பிள்ளைகள் கையில் நான் இல்லாத முடிச்சு

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கொட்டகைகளில் பாதிக்குக் கூரைச் சட்டம் அடித்தவன் நான். ராஜபாளையத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் என் கை பட்ட ஜன்னல் கம்பி ஒன்று கண்ணில் படும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டேன். அதைப் பிடிக்காமல் கீழே இறங்கிய மாப்பிள்ளை கிடையாது. செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு கேட் போட்டேன். யானை வந்து தள்ளியது. சுவர் விழுந்தது, கேட் நின்றது. தோப்புக்காரர் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். நான் கேட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். என் தகப்பனார் எனக்கு விட்டுப்போன சொத்து அவருடைய முன்கோபம் ஒன்றுதான். மூன்று தகரத்தைச் சாய்த்து வைத்து வெல்டிங் பட்டறை என்று பெயர் சொன்னேன். அது இன்றைக்கு இரண்டு வாசல் உள்ள பட்டறை. மேலே மூன்று தளம் வீடு கட்டினேன். மூத்தவனைப் பட்டாளத்துக்கு அனுப்பினேன். மகளை நர்ஸ் ஆக்கினேன். அவள் அயர்லாந்து வரைக்கும் போய்விட்டாள். சின்னவன் தளவாய்புரத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கிறான். அந்த மெஷின் நிற்கிற ஸ்டாண்டும் நான் அடித்ததுதான். அவன் சொல்லமாட்டான், நான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் செய்த கேட்டோ கைப்பிடியோ எதுவானாலும் வலது கீழ் மூலையில் ஒரு பொட்டு இருக்கும். பற்றவைக்கிற ராடை ஒரே இடத்தில் நிறுத்தினால் மிளகு அளவுக்கு இரும்பு திரண்டு நிற்கும். மற்ற இணைப்பையெல்லாம் கிரைண்டர் போட்டுத் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கிவிடுவேன். நல்ல இணைப்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்தப் பொட்டை மட்டும் யாரையும் தேய்க்க விடமாட்டேன். அதுதான் என் கையெழுத்து. பேங்கில் போடுகிற கையெழுத்தைவிட இது அழகாக வரும். வீட்டுக்காரர் யாராவது "இது என்ன, பிசிறா?" என்று கேட்டால், "பிசிறு இல்ல, நான்" என்பேன்.

எனக்கு எழுபது நிறைந்ததற்கு வீட்டில் பூஜை வைத்து, மறுபடியும் தாலி கட்ட வேண்டும் என்று என் மனைவியின் பிறந்த வீட்டார் ஏற்பாடு செய்தார்கள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கோவிலோடு ஒட்டுறவான வைணவக் குடும்பம். அந்த வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு தோளிலும் சங்கு, சக்கரம் முத்திரை காய்ச்சி வைத்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு ஜன்னல் கம்பி மாட்டப் போன இடத்தில்தான் நான் அவளைப் பார்த்தேன். "கம்பி மாட்ட வந்த ஆளு வீட்டுப் பொண்ணையே மாட்டிட்டுப் போயிட்டாரு" என்று என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், இன்றுவரை ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேறு நகைச்சுவை தெரியாது.

விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே பிள்ளைகள் மூவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். மூத்தவனுக்கு லீவு கிடைத்தது. மகள் விமானம் பிடித்து வந்தாள். சின்னவன் தளவாய்புரத்திலிருந்து வருவதற்கே இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. எல்லாரும் வந்த சந்தோஷத்தில் நான் இருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. மகன்கள் இரண்டு பேரும் முழுக்கைச் சட்டை. மகள் முழுக்கை சுடிதார். ராஜபாளையத்து வெயிலில் எருமை கூட தண்ணீரை விட்டு எழாத மாதம் அது. மூத்தவன் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கையை மடக்கமாட்டேன் என்கிறான். இடது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

பட்டறையை விற்கப் பேசுகிறார்கள், ஏதோ கூட்டுச்சதி என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கும் முழுக்கைச் சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. தகப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சம்பந்தமெல்லாம் பார்க்கமாட்டான்.

மறுநாள் மத்தியானம் கறிச் சாப்பாடு. மச்சான் கறி தொடாதவர், அவர் நம் வீட்டுப் பக்கம் வராத நாளாகப் பார்த்துத்தான் கறி எடுப்போம். சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் கொல்லைக் குழாயில் கை கழுவினார்கள். தண்ணீர் பட்டுவிடும் என்று சட்டைக் கையை ஏற்றினார்கள். நான் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

மூன்று இடது கை. மூன்றிலும் உட்புறம், மணிக்கட்டுக்கு மேலே, ஒரே மாதிரிப் பச்சை. மூன்று கூர் இலை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஒன்றின் மேலே ஏறி, அடுத்ததன் அடியில் போய்ப் பின்னிக்கொண்டிருந்தது. அந்த மூன்றையும் கோத்துக்கொண்டு ஒரு வட்டம் ஓடியது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள்.

"ஏலே, என்னலே இது?"

மூத்தவன் பட்டாளத்துக்காரன். அதிகாரி சோதனைக்கு வந்த மாதிரி விறைத்து நின்றுவிட்டான். மகள்தான் வாயைத் திறந்தாள்.

"கெல்டிக் முடிச்சுப்பா. நான் இருக்க நாட்டுல பழைய கல்லுல எல்லாம் இப்படிச் செதுக்கி வச்சிருப்பாங்க. இதுக்கு முனையே கிடையாது. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. குடும்ப பந்தம்னு அர்த்தம்."

"கல்லுல அப்படி எழுதிருக்கா?"

"கல்லுல எழுதல. பச்சை குத்துறவங்க அப்படிச் சொல்லுவாங்க."

என் மனைவி தட்டைக் கழுவ வந்தவள் எட்டிப் பார்த்தாள். "நாம வாசல்ல போடுற சிக்குக்கோலந்தான இது? இதுக்கா பிளேன்ல வந்த?"

"கோலத்த மறுநாள் கூட்டிருவீங்கம்மா. இதக் கூட்ட முடியாது."

"சரி, அது யாரு, இது யாரு?" என்று நான் கேட்டேன். பிள்ளைகள் ஒன்று செய்தால் அதில் கணக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சின்னவன் உற்சாகமாகிவிட்டான். டிசைனை அவன்தான் தன் எம்பிராய்டரி கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தானாம். வீட்டுக்கு வருவதற்கு முன்பே மூன்று பேரும் ஒரு கடையில் கூடிக் குத்திக்கொண்டு வந்தார்களாம். "மூணு எலையும் நாங்க மூணு பேருப்பா. சுத்தி வளைச்சுப் பிடிச்சிருக்குல்லா வட்டம், அது அம்மா."

நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை.

"நான்?"

மூத்தவன் தங்கையைப் பார்த்தான். தங்கை தம்பியைப் பார்த்தாள். தம்பி குழாயை மூடினான்.

"நீங்க நடுவுலப்பா" என்றாள் மகள்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அந்த எடந்தான்."

"ஓட்டையா?"

"ஐயோ அப்பா, அப்படி இல்ல..."

சின்னவனுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. "தோலுப்பா! நீங்கதான் எங்க தோலு. தோல் இல்லாம பச்சை எதுல குத்துறது?"

என் மனைவி குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வட்டம் அல்லவா, அவள் சிரிக்கலாம்.

மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் பச்சை குத்துகிற கடைக்குப் போனேன். ராஜபாளையத்திலேயே, ஒரு செல்போன் கடைக்கு மாடியில் இருந்தது. ஏறும்போதே படி ஓரக் கம்பியைத் தடவிப் பார்த்தேன். என் வேலைதான். கீழ் மூலையில் பொட்டு இருந்தது. பாதித் தைரியம் அங்கேயே வந்துவிட்டது.

உள்ளே கறுப்புச் சட்டை போட்ட ஒரு வாலிபன். காதில் வளையம், கழுத்தில் ஒரு ராஜபாளையம் நாய், பச்சையாகத்தான்.

"வாங்க தாத்தா. பேத்தி பேரா, சாமி படமா?"

"தாத்தாவா? நான் உன் படிக்குக் கம்பி போட்டவன்."

"அப்படியாய்யா! உக்காருங்கய்யா."

என் பிள்ளைகள் மூவரும் வந்து குத்திக்கொண்டு போனதைச் சொன்னேன். அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மேலும் ஒரு இழை சேர்க்க வேண்டும், வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம், அதைவிடக் கொஞ்சம் தடிமனாக, என்று கேட்டேன்.

"யார் கையிலய்யா?"

"அவங்க மூணு பேரு கையிலயும்."

"அவிய வரலையேய்யா."

"நான் தகப்பன் சொல்றேன்ல."

"தகப்பன் சொன்னாலும் கை வேணும்லய்யா."

நியாயம்தான். ஆனாலும் அவன் விடவில்லை. "நாளைக்கு மருமக வருவாக, மருமகன் வருவாரு. ஆளுக்கொரு வட்டம்னா முழங்கை தாண்டி அக்குளுக்குப் போயிரும். உங்க மூத்தவர் பட்டாளத்துல இருக்காரு. முழங்கைக்குக் கீழ உள்பக்கந்தான் அனுமதின்னு ஸ்கேல் வச்சு அளந்து குத்தச் சொன்னாரு."

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். "சரி, இதச் சொல்லு. முனையே இல்லைங்கிறாங்க. இரும்புல வளையம்னா எங்கயாவது ஒரு எடத்துல ரெண்டு முனையும் சந்திக்கணும், ஒருத்தன் பத்தவைக்கணும். பத்தவைக்காம மூடுற வளையம் உலகத்துலயே கிடையாது. உன் ஊசி எங்க ஆரம்பிச்சு எங்க சேந்துச்சு?"

அவன் சிரித்தான். "சேர்ற எடம் உண்டுய்யா. ஆனா தெரியக் கூடாது. தெரிஞ்சா வேலை சரியில்லன்னு அர்த்தம்."

"எந்த எடம்?"

சின்னவன் கொடுத்த படத்தை எடுத்து, வட்டத்தின் வலது கீழ்ப்பக்கம் ஒரு இடத்தைத் தொட்டான். "இங்கதான் ஆரம்பிச்சு இங்கதான் முடிச்சேன். மூணு பேருக்கும்."

வலது கீழ்ப்பக்கம். அதை மனதில் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்போது அதன் மதிப்பு எனக்கே தெரியவில்லை.

"உங்க கையில வேணா உங்களையும் சேத்து அஞ்சு இழையா குத்தட்டுமாய்யா?" என்றான். சட்டையை மடக்கிக் காட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெல்டிங் பொறி விழுந்த தழும்பு. "எடம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். சர்க்கரை வேறு இருக்கிறது; ஊசிக்கு நான் பயந்தேன் என்று மச்சான் பரப்பிய கதையை யாரும் நம்ப வேண்டாம்.

படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். கையில் இடமில்லை என்றால் கேட்டில் இடமிருக்கிறது.

வீட்டு வாசல் கேட் பழையது. விசேஷத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. பட்டறையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு நானே உட்கார்ந்தேன். வேலையாட்களை உள்ளே விடவில்லை. ஸ்கொயர் ராடை, அதாவது சதுரக் கம்பியை, காய்ச்சி மூன்று இலையாக வளைத்தேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்க வேண்டும். தாளில் அது சுலபம், இரும்பில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கம்பியைத் தட்டித் தட்டி நெளிக்க வேண்டும். பிறகு வட்டம். வெட்டி நுழைத்து, சேர்த்துப் பற்றவைத்து, தேய்த்து, விரலால் தடவிப் பார்த்தேன். இணைப்பு எனக்கே அகப்படவில்லை. சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சாக்பீஸால் அளவைச் சரிபார்த்தேன், மயிரிழை வித்தியாசமில்லை.

அத்தோடு விட்டிருந்தால் நான் நான் இல்லை.

தடித்த உருட்டுக்கம்பி ஒன்றை எடுத்து வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம் போட்டேன். அதுதான் நான். சட்டம் கொள்ளவில்லை. கீல் பக்கம் கீலை நீட்டிக் கொடுத்துச் சமாளித்தேன். பூட்டுப் பக்கம் நாலு விரல் அகலம் வெளியே தொப்பை மாதிரி தள்ளிக்கொண்டு நின்றது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கையில் இரண்டு அங்குலம். என்னுடையது ஆள் உயரம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கேட்டைக் கொண்டுவந்து மாட்டினேன். உள்பக்கம் சுவரோடு சாய்த்துத் திறந்தே வைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டேன். பெயிண்ட் காயவில்லை என்பதால் மூடிப் பார்க்கவில்லை. மூடிப் பார்க்க என்ன இருக்கிறது, அளவு எடுத்தது நான்தானே என்றுதான் இருந்தேன். ஆனால் அளவு எடுத்தது நாலு பேருக்கு. ஐந்தாவது ஆளுக்கு யாரும் அளவு எடுக்கவில்லை.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வேன் தெருமுனையில் திரும்பியதும் நான் ஓடினேன். அவர்கள் இறங்கி வரும்போது முடிச்சு நேர் எதிரே தெரிய வேண்டும், அப்புறம் நானே திறந்து வரவேற்க வேண்டும் என்பது திட்டம். போர்வையை உருவினேன். கேட்டை வேகமாகத் தள்ளிச் சாத்தினேன்.

'டங்' என்று ஒரு சத்தம். பூட்டுப் பக்கத் தூணின் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு என் வட்டம் உள்ளே போய் இறுகிவிட்டது.

மச்சான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். சட்டை இல்லை, மேல்துண்டு மட்டும்தான், தோளில் சங்கும் சக்கரமும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு கையில் தாம்பாளம். அதில்தான் தாலி, கூறைப்புடவை எல்லாம் இருந்தது. பின்னால் ஐயர். அவருக்குப் பின்னால் வேனில் வந்த மொத்தக் கூட்டம்.

"நல்லா இருக்கு மாப்ளே" என்றார் மச்சான். "இது யாரு, எலை மூணும்?"

"பிள்ளைங்க."

"சின்ன வட்டம்?"

"உம்ம தங்கச்சி."

"பெரிய வட்டம்?"

"நான்."

"அதான் தெறக்க மாட்டேங்குது."

தெருவே சிரித்தது. எதிர்வீட்டுக்காரர் தெலுங்கு பேசுகிறவர், மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "அய்யோ, ஏமய்யா இதி!" என்று அவர் பங்குக்குக் கூவினார். நான் இழுத்தேன், தள்ளினேன், காலால் உதைத்தேன். யானைக்கே அசையாத கேட் போட்டவன் செய்த கேட் அது. எனக்கு மட்டும் அசையுமா?

என் மனைவி பட்டுப்புடவையில் வந்து நின்றாள். "அண்ணே, செத்த கொல்லைப் பக்கமா சுத்தி வந்துருங்கண்ணே."

மச்சான் முகம் மாறிவிட்டது. "தாலி கொண்டாந்த பொறந்த வீட்டுக்காரன் சாக்கடைச் சந்து வழியா வரவா? நல்லா இருக்கு தாயி. இங்கனயே நிக்கேன். நேரம் போனா போகட்டும், அடுத்த எழுபதுக்குப் பாத்துக்கலாம்."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "கிரைண்டர எடுலே" என்று சின்னவனிடம் கத்தினேன். அவன் பந்தலில் தொங்கிய சீரியல் லைட்டைக் காட்டினான். ஒன்றும் எரியவில்லை. மாதப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஆக்சா பிளேடு போட்டு அந்தக் கம்பியை அறுப்பதற்குள் சாயங்காலமாகிவிடும். சும்மாவா, தடித்த கம்பியாகத் தேடி எடுத்துப் போட்டது நான் அல்லவா.

என் மனைவி என் காதோரம் வந்து, "இன்னைக்கு ஒரு நாளாச்சும் நீங்க வெளிய இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். அவள் குரல் விளையாட்டாக இல்லை. அந்தச் சடங்குக்காக ஒரு வருஷமாக விரதம் எல்லாம் இருந்தவள். நான் கேட்டை இன்னொரு தடவை உதைத்தேன்.

மூத்தவன்தான் முன்னால் வந்தான். "கீலோட மேல தூக்கி எடுத்துரலாம். ஏட்டி, சேலையச் சொருகிட்டு வா. ஏலே, நீ அந்தப் பக்கம்."

மூன்று பேரும் கையை மடக்கிக்கொண்டு குனிந்தார்கள். கேட்டின் அடிச் சட்டத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார்கள். மூன்று இடது கை வரிசையாக நின்றது. மூன்று முடிச்சு. பிளாஸ்டிக் தாள் போய், பச்சை ஆறி நன்றாகத் தெளிந்திருந்தது. மேலே இரும்பு முடிச்சு, கீழே தோல் முடிச்சு.

"அப்பா, நீங்களும் ஒரு கை பிடிங்க."

"நான் சொல்லுதேன், நீங்க தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு..."

கேட் அசைந்தது, வரவில்லை. மகளின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. "அப்பா, பேசாம வந்து பிடிங்க!" என்று கத்தினாள். அயர்லாந்து போய்விட்டு வந்தும் குரல் அப்படியே என் அம்மா குரல். நான் போய் என் வட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். எழுபது வயசுத் தோள். ஒரு எம்பு எம்பினேன். தூணிலிருந்து ஒரு கட்டி பூச்சு விழுந்தது. கேட் கீலை விட்டு மேலே எழும்பி வந்தது.

இந்த இடத்தில்தான் கதை கெட்டுப்போகிறது. நான் தோள் கொடுப்பதற்கு முன்பே கேட் எழும்பிவிட்டது, அப்பா வந்து சும்மா ஒட்டிக்கொண்டார் என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். மச்சானும் அதற்குச் சாட்சி. வெளியே நின்ற மனிதருக்கு உள்ளே இருந்த தோள் எப்படித் தெரியும்? தோளில் கம்பி அழுத்திய தழும்பு பல நாள் இருந்தது. மச்சானிடம் காட்டினேன். "சரிதான் மாப்ளே, உமக்கும் முத்திரை விழுந்துருச்சு, சங்கு இல்ல, தொப்பை" என்றார்.

தாலி நல்ல நேரத்துக்குள் கட்டியாகிவிட்டது. வாசல் கேட்டே இல்லாத வீட்டில் கட்டினேன். வந்தவர் போனவர் எல்லாரும் சாப்பிட்டார்கள். தெருவில் போன ஒரு ஆடும் பந்தலுக்குள் வந்து தோரணத்தைத் தின்றுவிட்டுப் போனது.

மறுநாள் கிரைண்டர் போட்டு என் வட்டத்தை நானே அறுத்து எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. மகள் வந்து "இருக்கட்டுமேப்பா, தூண வேணா இடிச்சுக் கட்டிக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தாள். தூணையும் நான்தான் கட்டினேன், இடிக்க மாட்டேன் என்றேன். அறுத்து, கீலையும் குறைத்து மறுபடி மாட்டியதும் கேட் வெண்ணெயில் கத்தி போல மூடியது. மூன்று இலை, ஒரு வட்டம். போகிற வருகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். மகளும் போட்டோ எடுத்து, 'அம்மாவும் நாங்களும்' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அனுப்பியதை எனக்கே காட்டினாள். கேட்டை அடித்தவன் யார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

அவர்கள் கிளம்பிப் போனபிறகு ஒருநாள் என் மனைவி கேட் பக்கத்தில் நின்று வட்டத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று வந்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"இத எங்கங்க சேத்தீங்க?"

"ஏன்?"

"ஒரு எடத்துலயும் தட்டுப்படலையே. நீங்க சேக்காம இது வட்டமாயிருக்காதுல்ல?"

மேலே ஒரு இடத்தைக் காட்டினேன். அது பொய். மறுநாள் கேட்டாள், இடப்பக்கம் காட்டினேன். அதுவும் பொய். அவள் தினமும் கேட்கட்டும் என்றுதான் சொல்லவில்லை. சரியான இடம் வலது கீழ்ப்பக்கம். பச்சை குத்துகிறவன் ஊசியை ஆரம்பித்து முடித்த அதே இடத்தில்தான் நானும் இரும்பை ஆரம்பித்து முடித்தேன். அவன் சொன்னதைக் கேட்டுச் செய்ததில்லை. என் கை எப்போதும் அங்கேதான் போகும். அங்கே மிளகு அளவு ஒரு பொட்டு விட்டிருக்கிறேன். தடவுகிற விரலுக்குத் தப்பட்டும் என்று உள்பக்கமாக விட்டிருக்கிறேன்.

இப்போது என் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். இது உங்களுக்காகத்தான் எழுதியது. எனக்கு வட்டம் வேண்டாம். தோல் என்று சொல்லி ஏய்க்கவும் வேண்டாம். நடுவில் உள்ள ஓட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த லீவுக்கு மூன்று பேரும் சேர்ந்து வாருங்கள். அந்த மாடிக் கடைக்குப் போங்கள். வட்டத்தின் வலது கீழ்ப்பக்கம், வட்டம் சேர்கிற இடத்தில், ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். அவனிடம் நான் சொல்லி வைத்துவிட்டேன். இடம் அவனுக்குத் தெரியும். பட்டாளத்தில் ஒரு பொட்டுக்கு யாரும் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். யாராவது அது என்ன, மச்சமா, பிசிறா என்று கேட்டால், எங்கப்பா என்று சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கேட் கதையை இனிமேல் யாரிடம் சொன்னாலும், தூக்கியது மூன்று பேர் இல்லை, நாலு பேர் என்றும் சொல்ல வேண்டும். உங்கள் மாமாவிடம் முதலில் சொல்லுங்கள்.